பச்சை பைக்கும் முன்னூற்றைம்பது ரூபாவும்

1992ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, நான் கிருஷ்ணகுமாரிக்கு முன்னூற்றைம்பது ரூபா கடன்காரன் ஆனேன். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, நான் எவனுக்கும் ஒரு சதம் கடன்பட்டதில்லை. கடன் வேண்டுமா என்று வங்கிக்காரர்கள் கடை தேடி வந்தபோதுகூட, தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த முன்னூற்றைம்பது மட்டும் பதினாறு வருடத்துக்கு மேல் என்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

என் பெயர் முத்துவீரன். பெல்மதுளைச் சந்தியில் என்னைத் தெரியாதவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். என் கடைப் பெயர்ப்பலகை பத்தடி நீளம். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும். அதற்கு மேல் வாத்தியார் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று நானே முடிவுசெய்து இறங்கிவிட்டேன். பைசிக்கிள், மோட்டார் சைக்கிள், தண்ணி மோட்டார், எதைக் கழற்றினாலும் ஒரு ஆணி மிச்சமில்லாமல் பூட்டுவேன். வண்டியைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு கொப்பி நிறைய எழுதுவேன். ஆளைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. கிருஷ்ணகுமாரியைப் பற்றி, படித்தவர்கள் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ஓப்பநாயக்கவுக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில் இருந்தோம். நான் தேயிலை பெக்டரியில் மிசின்களுக்கு எண்ணெய் போடும் வேலை. என் மனைவி இலட்சுமி கொழுந்து எடுப்பவள். அவளுக்கு மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் எங்கள் ஒற்றை அறை லயத்துக் காம்பராவிலேயே சுகமாக நடந்ததால், இதுவும் அப்படித்தான் என்று நான் வாசலில் உட்கார்ந்து யாருடைய பைசிக்கிளுக்கோ டியூப் ஒட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த மருத்துவிச்சி கிருஷ்ணகுமாரி உள்ளேயிருந்து வெளியே வந்தார். இருபத்துநாலு வயது. நெற்றியெல்லாம் வியர்வை. குரலில் மட்டும் பதற்றம் இல்லை.

"அண்ணே, டியூப்ப கீழ வைங்க. பிள்ள குறுக்க கெடக்கு. இங்க வச்சுப் பாக்க முடியாது. வேன் ஒண்ணு வேணும்."

வேன் கிடைத்தது. பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு முன்னூற்றைம்பது ரூபா என்றான் வேன்காரன். கையில் வைத்தால்தான் சாவியைத் திருப்புவேன் என்றும் சொன்னான். என்னிடம் நாற்பது ரூபா இருந்தது. நான் கங்காணி வீட்டுப் பக்கம் ஓடத் திரும்புவதற்குள், கிருஷ்ணகுமாரி தன் கறுப்புப் பையைத் திறந்து எண்ணிக் கொடுத்துவிட்டார். அது அவருடைய முதல் மாதச் சம்பளத்துக் காசு என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இலட்சுமியும் பிழைத்தாள், மகளும் பிழைத்தாள். எங்கள் லயத்திலிருந்து உயர்தர வகுப்புக்குப் போன முதல் பிள்ளை அந்த மகள்தான். என் இரத்தம், வேறெப்படி இருக்கும்.

அடுத்த தீபாவளிக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். "கெடக்கட்டும் அண்ணே. மொதல்ல பிள்ளைக்கு ஒரு நல்ல போர்வை வாங்குங்க" என்றார். 1996இல் தோட்டத்தை விட்டு வந்து கடை திறந்தபோது, ஒரு கடித உறையில் போட்டுக் கொண்டுபோனேன். "கட புதுசு. சாமான் வாங்கிப் போடுங்க" என்றார். 2002இல் மறுபடியும் போனேன். "இன்னுமா அத ஞாபகம் வச்சிருக்கீங்க. நான் மறந்தே போயிட்டேன்" என்றார். அது பொய். தோட்டத்தின் மூன்று டிவிசனிலும் எந்தப் பிள்ளை பிறக்கும்போது எத்தனை கிலோ என்று நின்ற இடத்தில் சொல்லக்கூடியவர் அவர்.

அவருடைய ஊர் புளத்கொகுபிட்டியப் பக்கம். அப்பா இறப்பர்ப் பால் வெட்டுபவர். விடிய முன்னமே அப்பாவோடு போய்ப் பால் வாளி தூக்கிவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போவாராம். கையில் இறப்பர்ப் பால் நாறுகிறது என்று பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்களாம். "நல்லதாப் போச்சுண்ணே. பேச ஆளில்லாததால பாடத்தக் கேட்டேன்" என்று சிரிப்பார். அப்படிக் கேட்டுப் படித்துத்தான் மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் போனார். கல்யாணம் பேசி வந்தவர்கள் வேலையை விடச் சொன்னார்கள். அவர் வந்தவர்களை விட்டார்.

ஊசிமலையில் மூன்று டிவிசன். நானூறு குடும்பத்துக்கு மேல். அத்தனை பேருக்கும் அவர் 'மிஸி'. ஒரு கறுப்புப் பை, ஒரு குடை, ஒரு சோடி கன்வஸ் சப்பாத்து. நாலு மாதத்துக்கு ஒருமுறை சப்பாத்தின் அடி தேய்ந்துபோகும். அதற்கு டயர் அடி வைத்துத் தைத்துக் கொடுத்தது நான்தான். இந்த மாகாணத்தில் அந்தத் தையலை என்னைப்போல் போட ஆள் இல்லை. கூலியைக் கடனில் கழித்துக்கொள்ளுங்கள் என்பேன். "அது வேற கணக்கு, இது வேற கணக்கு" என்று காசை மேசையில் வைத்துவிட்டுப் போவார். ஆஸ்பத்திரியில் நம்முடைய பெண்கள் பாஷை தெரியாமல் முழிக்கும்போது, இவர் பக்கத்தில் நின்று சிங்களத்தில் தண்ணீர்போலப் பேசுவார். குடித்துவிட்டு வரும் புருஷன்மாரை வாசலில் நிறுத்தி ஏசுவார். அவர் ஏசினால் தோட்டத்துரையும் தலையைக் குனிவார் என்று பேச்சு. நான் குனிந்ததில்லை. ஏசும்படி வைத்துக்கொண்டதில்லை.

ஆனால் அவர் முன்னால் நான் நிமிர்ந்து நின்றதும் இல்லை. வாங்கவேண்டியதை வாங்கமாட்டேன் என்பவர் முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பது.

2008 புரட்டாதியில் ஒரு காலை, கிருஷ்ணகுமாரி கடைக்கு வந்தார். நடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"வாங்க தங்கச்சி. என்ன, கால் இழுக்குது?"

"முழங்கால் ரெண்டும் சத்தம் போடுதுண்ணே, நம்ம பெக்டரி ரோலர் மாதிரி. எண்ணெய் போடுவீங்களா?"

"வண்டியா இருந்தா போட்டிருப்பேன்."

"அதான் வண்டி பாக்க வந்தேன். பெட்டரி பைக் எறக்கியிருக்கீங்களாமே."

இறக்கியிருந்தேன். அந்த வருடம் பெற்றோல் விலை ஏறிய ஏற்றத்தில் மோட்டார் சைக்கிள்காரர்களே பஸ்ஸில் போகத் தொடங்கியிருந்தார்கள். இரத்தினபுரியில் பவாஸ் முதலாளி கொழும்பிலிருந்து பெட்டரி பைக் கொண்டுவந்தபோது, இந்தப் பக்கத்தில் முதலில் வாங்கி நிறுத்தியவன் நான். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்பு மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓடும். மெலிந்த உடம்பு, ஒடுங்கிய சீட்டு, பின்பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கும். நிற்கும்போதே ஓடுவது மாதிரித் தெரியும். பச்சை, இருபத்தைந்துக்கு மேல் கெஞ்சினாலும் போகாது. முன்னும் பின்னும் தடித்த ஸ்பிரிங், ஒரு சாண் அகலச் சீட்டு, கால் வைக்கத் தட்டையான பலகை, பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி. பார்வைக்கு நிறைமாத எருமை.

சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சிவப்பைத்தான் பிடித்தது. நான் வேகத்தால் முன்னேறியவன்.

கிருஷ்ணகுமாரி பச்சையில் ஏறி உட்கார்ந்தார். முகம் இளகியது. பிறகு சிவப்பில் ஏறினார். முகம் இறுகியது. இறங்கிவந்து பின் சீட்டைக் கையால் அமத்திப் பார்த்தார்.

"பின்னால ஒக்கார்றவளுக்கு எப்படிண்ணே?"

"யாரு ஒக்காரப் போறா?"

அப்போதுதான் ஷாமிளாவைப் பற்றிச் சொன்னார். ஊசிமலை மேல் டிவிசனில் கொழுந்து எடுக்கிற பெண். இருபத்தாறு வயது. இரண்டு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. இப்போது மூன்றாவது, நாலு மாதம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கீழ் டிவிசன் கிளினிக்கில் கட்டாயம் காட்ட வேண்டும், மலை ஏறி இறங்கி நடக்கக் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மேலே இருந்து கீழே ஏழு கிலோமீட்டர். த்ரீவீல் பிடித்தால் போய்வர எண்ணூறு ரூபா. அவளுக்கு மூன்று நாள் சம்பளம்.

"புருசன்?"

"சதீஸ். மாணிக்கக் குழியில எறங்குறான். கல்லு வந்தாத்தான் பங்கு. ஆறு மாசமா மண்ணுதான் வருது. வீட்டுக்கு நிச்சயமா வர்ற சல்லி அவ பேர்தான்."

பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். தோட்டத்து வரவுப் புத்தகமான செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அந்த நாள் உன்னுடையது. ஊசிமலையில் அப்போது இருந்த வழக்கம் இது: மத்தியானம் பன்னிரண்டு மணி நிறுவைக்கு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசில் உன் பெயருக்குக் கொழுந்து விழ வேண்டும். விழாவிட்டால் அரைப் பேர். காலையில் இரண்டு மணிநேரம் கொழுந்து எடுத்துவிட்டு ஷாமிளா கிளினிக்குக்கு இறங்கினால், அங்கே வரிசை முடியப் பதினொன்றேகால் ஆகும். அதற்குப் பிறகு மலை ஏறி, பன்னிரண்டுக்குள் தராசடிக்கு வர வேண்டும்.

"அரைப் பேர் போகுதுன்னு பயந்து கிளினிக்குக்கு வர மாட்டேங்கிறா. போன ரெண்டு தடவயும் அப்படித்தான் வராம இருந்தா. இந்தத் தடவ விடமாட்டேன்" என்றார் கிருஷ்ணகுமாரி.

"அப்ப யோசிக்கவே வேணாம். செவப்பு. இருவது நிமிசத்துல மேல ஏத்திரும். பச்சையில போனீங்கன்னா தராசத் தூக்கி உள்ள வச்ச பொறகுதான் போய்ச் சேருவீங்க."

"சீட்டு கட்டை மாதிரி இருக்கேண்ணே."

"இருவது நிமிசந்தானே. பல்லக் கடிச்சா போச்சு."

பல்லைக் கடிக்கப்போவது நானில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவர் வெகுநேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். தன் முழங்காலுக்குப் பச்சை. ஷாமிளாவின் பேருக்குச் சிவப்பு. கடைசியில் பையிலிருந்து சேமிப்பை எடுத்து எழுபதாயிரம் எண்ணி வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்துக்கொண்டு போனார். முன்னூற்றைம்பதைக் கழிக்கட்டுமா என்றேன். வேறு கணக்கு என்றார்.

மூன்றாம் நாள், அதே சிவப்பைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார். என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இருவது நிமிசம் சரியாத்தான் இருந்திச்சு" என்றார்.

நடந்தது இது. நம்முடைய பெண்கள் இரண்டு காலையும் ஒரு பக்கம் போட்டு உட்காருவார்கள். அந்த ஒடுங்கிய, பின்னால் தூக்கிய சீட்டில் ஷாமிளாவால் அப்படி உட்கார முடியவில்லை. வழுக்கி வழுக்கி வந்து, கிருஷ்ணகுமாரியின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். ஏழு கிலோமீட்டரும் கல் பாதை. ஒவ்வொரு கல்லும் நேரே முதுகில் ஏறியிருக்கிறது. ஏற்றத்தில் மோட்டார் சூடாகி, திணறித் திணறி இழுத்திருக்கிறது. வேகத்துக்கென்று செம்புக்கம்பி சுற்றிய மோட்டார் ஆளை வைத்துக்கொண்டு மலை ஏறாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை; சொல்ல என்னைவிடத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் இல்லை. பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேர் விழுந்தது. ஆனால் அன்று பின்னேரமே ஷாமிளாவுக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது.

"ராத்திரிக்குள்ள அடங்கிருச்சு. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவ சொல்லிட்டா. மிஸி, நான் நடந்தே வர்றேன், இல்லாட்டி வரவே மாட்டேன்னுட்டா."

தவறு என்னுடையது என்று தெரிந்தது. இருந்தாலும் தோற்க மனமில்லை. இரண்டு நாள் தாங்க, இரண்டையும் ஒன்றாக்கித் தருகிறேன் என்றேன். பச்சையின் அகலச் சீட்டைக் கழற்றி, சிவப்பின் மேல் இரும்புச் சட்டம் அடித்துப் பூட்டினேன். பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்தேன். பார்த்தால் தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்தது என்பார்கள். சோதித்துப் பார்க்க இலட்சுமியை ஏற்றிக்கொண்டு, மாணிக்கக் குழிகளுக்குப் போகும் கல் பாதையில் விட்டேன். நூறு யார் தூரம்கூடப் போகவில்லை.

"நிப்பாட்டுங்க. நான் நடந்து வர்றேன்."

"ஏன், சீட்டு நல்லாத்தானே இருக்கு?"

"சீட்டு மெத்த மாதிரித்தான் இருக்கு. மெத்தையக் கொண்டுபோய் கல்லு ஒடைக்கிற மிசின் மேல விரிச்சிருக்கீங்க."

இலட்சுமி வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். ஆனால் அன்று அவள் சொன்னது ஒரு மெக்கானிக் சொல்லவேண்டியது. சீட்டில் இல்லை சுகம். ஸ்பிரிங்கில் இருக்கிறது, வண்டியின் உடம்பில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அவசரப்படாமல் இருப்பதில் இருக்கிறது. அன்று பின்னேரமே சீட்டைத் திரும்பவும் பச்சையில் பூட்டினேன். பச்சைக்கு விலை குறைவு. மிச்சப் பத்தாயிரத்தைக் கிருஷ்ணகுமாரியிடம் கொடுத்தேன். அது தன்னுடைய காசு என்பதால் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஆனால் கேள்வி அப்படியே இருந்தது. பச்சையில் ஆளை ஏற்றிக்கொண்டு கல் பார்த்து, பள்ளம் பார்த்து மேலே ஏற ஒரு மணிநேரம் ஆகும். பன்னிரண்டு மணித் தராசு அதுவரை காத்திருக்காது. பிள்ளைக்குப் பச்சை வேண்டும், பேருக்குச் சிவப்பு வேண்டும். எதை எடுத்தாலும் ஷாமிளாவிடமிருந்து மற்றது போகும்.

அடுத்த கிளினிக் நாளன்று, பச்சை ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது என்று பார்க்க என்று சொல்லிக்கொண்டு, நானும் மோட்டார் சைக்கிளில் மேலே போனேன். உண்மையில் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காலை எட்டரைக்கு ஷாமிளா மலையிலிருந்து இறங்கி வந்தாள். மெலிந்த பெண். தான் எடுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டித் தேயிலைச் செடி நிழலில் வைத்துவிட்டு, பச்சையின் பின்னால் இரண்டு காலையும் ஒரு பக்கம் போட்டு உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

"மிஸி, இது கதிர மாதிரி இருக்கு."

"கதிரையிலேயே கூட்டிட்டுப் போறேன், இரு."

"நேரத்துக்கு வந்துருவோமா?"

கிருஷ்ணகுமாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேல் வரிசையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த உயரமான ஒருத்தி, கையை நிறுத்தாமலே கீழே பார்த்துக் கேட்டாள்.

"என்னாங்க மிஸி, பேருக்கா யோசிக்கிறீங்க?"

"ஆமா அக்கா. இந்த வண்டி மெதுவாத்தான் வரும்."

"மெதுவாவே வாங்க. புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு ரேஸா ஓடப்போறீங்க. அந்தச் சாக்க இப்படித் தூக்கிப் போடுங்க பாஸ்."

பாஸ் என்றது என்னை. தூக்கிப் போட்டேன். அந்த மலையில் இருபத்திரண்டு பெண்கள். சாக்கு ஒருத்தியிடமிருந்து அடுத்தவளுக்கு நகர்ந்தது. ஒவ்வொருத்தியும் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டாள். ஒருத்தி மட்டும், "ஏய், முத்தல் எலைய அவ சாக்குல போடாத, நல்லதாப் போடு" என்று பக்கத்துக்காரியைக் கடிந்துகொண்டாள்.

பச்சை கீழே இறங்கியது; நான் பின்னால் போகவில்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் மடுவத்தடியில் நின்றேன். தராசில் சாக்குகள் ஏறி இறங்கின. ஷாமிளாவின் சாக்கை அந்த உயரமானவள் கொண்டுவந்து வைத்தாள். கணக்கப்பிள்ளை சிங்களவர், கண்டிப்பானவர். கொழுந்தின் சொந்தக்காரி தராசுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். பென்சிலை நிறுத்திவிட்டு, ஆள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

உயரமானவளும் சிங்களத்திலேயே சொன்னாள். "ஆள் மெதுவா வருது ஐயா. கொழுந்து முன்னுக்கு வந்துருச்சு."

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை சாக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைக்கூட ஒருமுறை பார்த்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி கிளினிக்குக்குப் போன நாள் என்று அவருக்கும் தெரியும். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி முணுமுணுத்துக்கொண்டு எழுதினார். முழுப் பேர்.

பன்னிரண்டரைக்குப் பச்சை வந்து சேர்ந்தது. ஷாமிளா பின்னால் தூங்கிவழிந்துகொண்டிருந்தாள். பேர் விழுந்துவிட்டது என்று சொன்னதும் ஓவென்று அழுதாள். கிருஷ்ணகுமாரி அழவில்லை. அந்த இருபத்திரண்டு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்து, இப்படி ஒரு காரியத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று இலட்சுமியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இதுல என்னா அதிசயம். சின்னவ வயித்துல இருக்கும்போது மூணு மாசம் என் கொழுந்துக் கூடை என் கையால நெறஞ்சதில்ல."

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்கதான் யார்கிட்டயும் ஒண்ணும் வாங்காத ஆளாச்சே. சொன்னா திருப்பிக் குடுக்கச் சொல்லுவீங்க."

பதினாறு வருடமாக எனக்கு ஒரு கடன்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் வீட்டுச் சோறு எத்தனை பேர் கைக் கொழுந்தில் வெந்தது என்று எனக்கே தெரியவில்லை. அன்று இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை பச்சை மலை ஏறி இறங்கியது. கிருஷ்ணகுமாரி பெட்டரியை டிஸ்பென்சரியில் இரவில் சார்ஜ் போடுவார். மாதம் ஒருமுறை கடைக்குக் கொண்டுவந்தால், நட்டு இறுக்கி, ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து விடுவேன். காற்று குறைந்தால் குலுக்கல் குறையும். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. யுத்தம் நடந்த அந்த நாட்களில் ரோட்டில் காவலரண்கள் அதிகம். நாலு பெட்டரியும் வயரும் தெரிகிற வண்டியைப் பொலிஸ்காரர் நிறுத்தி, உள்ளே என்ன என்று கேட்டால், "உள்ள ஒண்ணுமில்ல, பின்னால ஒரு பிள்ள" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போவாராம். ஷாமிளாவுக்கு ஐந்தாம் மாதம் தாண்டியது. அன்றைக்கு மேல் டிவிசனில் யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆறு, ஏழு, எட்டு. தராசடியில் ஒரு நாள்கூட அவளுடைய பேர் குறையவில்லை.

2009 மாசி மாதம் பலாங்கொடை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஆண். இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

அதற்குப் பத்து நாள் கழித்து, கிருஷ்ணகுமாரி பிரேக் பார்க்கப் பச்சையைக் கொண்டுவந்திருந்தார். நான் கீழே உட்கார்ந்து வயரை இறுக்கிக்கொண்டிருக்கும்போது சதீஸ் கடைக்குள் வந்தான். குழி மண் காதோரத்தில் காய்ந்திருந்தது. இருபத்தெட்டு வயதுப் பையன். சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுக்கட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"மிஸி, பதினோரு தடவ கூட்டிட்டுப் போயிருக்கீங்க. தடவைக்கு நூறு ரூபா கணக்கு. குழியில சின்னதா ஒரு கல்லு வந்திச்சு. பங்கு கெடச்சிச்சு."

"எடுத்து உள்ள வைங்க தம்பி. மொதல்ல பிள்ளைக்கு ஒரு நல்ல போர்வை வாங்குங்க."

என் கை வயரில் அப்படியே நின்றது. பதினாறு வருடத்துக்கு முன் எனக்குச் சொன்ன அதே வார்த்தை. அண்ணாந்து பார்த்தேன். சதீஸ் இன்னும் கையை நீட்டிக்கொண்டே நின்றான். பார்வை மட்டும் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, வாங்கிக்குங்க."

"நீங்க வேலையப் பாருங்கண்ணே."

"வேலையத்தான் பாக்கிறேன். நான் மூணாவதுதான் படிச்சவன். ஆனா இந்த விசயத்துல ஒங்களவிட எனக்கு அனுபவம் ஜாஸ்தி. பதினாறு வருசமா ஒங்களப் பாக்கிறப்பல்லாம் பணிவா ஒரு பக்கம் ஒதுங்கி நிக்கிறேன். பணிவுன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. அது கடன். நீங்க குடுத்தத நான் வாங்கிக்கிட்டேன். நான் குடுக்கிறத நீங்க வாங்கல. இந்தப் பையனுக்கு இருவத்தெட்டு வயசு. இவன் இன்னும் எத்தன வருசம் ஒதுங்கி நிக்கணும்?"

பச்சையின் சீட்டில் ஒரு தூசு இருந்தது, கிருஷ்ணகுமாரி அதைத் தட்டினார். பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் நல்லதுன்னுதானே அண்ணே நெனச்சேன்" என்றார் மெதுவாக.

"நல்லதுதான். நல்லதில்லன்னு யாரு சொன்னா. ஒங்களால எனக்கு ஒரு மக இருக்கா. இவனுக்கு ஒரு மகன் இருக்கான். அதத் திருப்பிக் குடுக்க எங்களால முடியாது. முடியிற சல்லியையாவது குடுக்க விடுங்க."

அவர் சதீஸின் பக்கம் திரும்பிப் பணத்தை வாங்கினார். எண்ணாமல் பைக்குள் வைத்தார். "அடுத்த வருசம் பெட்டரி மாத்தணும். அதுக்கு ஆச்சு" என்றார். சதீஸ் நிமிர்ந்தான். நாலு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது. பிள்ளைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று நான் தெரியாததுபோல் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, பத்துத்தான் பாஸ், பிள்ளை ஏற்கெனவே பச்சை பைக் மணி கேட்டால் திரும்பிப் பார்க்கிறான் என்றான். பெற்றவன் பெருமை. எனக்குத் தெரிந்த நோய்தான் அது. நன்றாகவே நடந்து போனான்.

கடையில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். நான் மறுபடியும் பிரேக் வயரைப் பிடித்தேன்.

"அண்ணே."

திரும்பினேன். கிருஷ்ணகுமாரி வலது கையை விரித்து என் முன்னால் நீட்டியிருந்தார்.

"அப்ப ஒங்களுடையதையும் வைங்க."

மேசை லாச்சியைத் திறந்து, ஐயாயிரமாக எடுத்தேன். பதினாறு வருடம், அன்று முன்னூற்றைம்பதுக்கு வாங்கியதை இன்று அந்தக் காசுக்கு வாங்க முடியாது, நான் கணக்குத் தெரிந்தவன்.

அவர் கையை மூடிக்கொண்டார்.

"முன்னூத்தம்பது. ஒரு சதம் கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

ஐயாயிரத்தை உள்ளே வைத்தேன். சில்லறை லாச்சியில் தேடி நூறு ரூபாத் தாள் மூன்றும், ஐம்பது ரூபாத் தாள் ஒன்றும் எடுத்தேன். கிரீஸ் படாமல் இருக்கக் கையை மறுபடியும் துடைத்தேன். அவர் கையை விரித்தார். உள்ளங்கையில் பைக் கைப்பிடி அழுத்திய கோடு சிவந்திருந்தது. அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். நூறு. இருநூறு. முன்னூறு. முன்னூற்றைம்பது.